சம்மதத்துக்கும் திரைக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

குறைந்த செலவில், கவர்ச்சியையும் வன்முறையையும் மட்டுமே முதலீடாக வைத்து எடுக்கப்படும் படங்களில் பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுத்தாலே ஆடைக் குறைப்பு, ஆபாசம், கலாச்சாரச் சீரழிவு என்று பேச்சு பழகிய தடத்தில் ஓடிவிடும். அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. ஒரு பெண் எதற்குச் சம்மதித்தாள், கடைசியில் திரையில் எது வந்தது, இரண்டுக்கும் நடுவில் கத்தரி யார் கையில் இருந்தது? இதைத்தான் பேச விரும்புகிறேன். ஃபிலிம் காலத்தில் கோடம்பாக்கத்தில் உதவிப் படத்தொகுப்பாளராக இருந்தவள் நான். எனக்கு இந்த விஷயம் எடிட்டிங் மேசையிலிருந்துதான் தெரியும்.

முதலில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1980-ல் 'ஹ்யூமனாய்ட்ஸ் ஃப்ரம் தி டீப்' என்று ஒரு படம் வந்தது. கடலிலிருந்து வரும் ஜந்துக்கள் ஒரு மீன்பிடி ஊரைத் தாக்குகின்றன. ஆண்களைக் கொல்கின்றன, பெண்களைச் சூறையாடுகின்றன. தயாரித்தது ரோஜர் கார்மனின் நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ். சில்லறைச் செலவில் படமெடுத்து லாபம் பார்ப்பதில் கார்மனை மிஞ்ச ஆள் கிடையாது. இயக்கியவர் பார்பரா பீட்டர்ஸ் என்ற பெண். பெண்கள் தாக்கப்படும் காட்சிகளை அவர் நேராகக் காட்டாமல் குறிப்பாக உணர்த்தும்படி எடுத்திருந்தார். தயாரிப்புத் தரப்புக்கு அது போதவில்லை. உடல் தெரிய வேண்டும், வன்முறை கூட வேண்டும் என்றார்கள். பீட்டர்ஸ் மறுத்துவிட்டார். சரி என்று அவரை விட்டுவிட்டு இரண்டாம் யூனிட் இயக்குநரை வைத்து, வேறு பெண்களை வைத்து, அந்தக் காட்சிகளை எடுத்துப் படத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். கதாநாயகியாக நடித்த ஆன் டர்கல் கொதித்துப்போனார். படத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று இயக்குநரும் கதாநாயகியும் கேட்டார்கள். எடுக்கவில்லை. படம் அவர்கள் பெயரோடுதான் வெளியானது, நன்றாகவும் ஓடியது.

பெண்களுக்கு இயக்குநர் நாற்காலி கொடுத்தவர் என்ற நல்ல பெயரும் இதே கார்மனுக்கு உண்டு, அது பொய்யும் இல்லை. பெரிய ஸ்டுடியோக்கள் பெண்களை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், அவரிடம் வேலை செய்த ஸ்டெஃபனி ராத்மன் 1970-ல் செவிலியர் மாணவிகளைப் பற்றி ஒரு படம் எடுத்தார். இத்தனை கவர்ச்சிக் காட்சி வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கொடுத்துவிட்டால் மற்றது உன் இஷ்டம். ராத்மன் அந்த இஷ்டத்தை வைத்து, கருக்கலைப்புக்காக ஒரு பெண் படும் பாட்டைக் கதைக்குள் கொண்டுவந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை உரிமையாக்க இன்னும் 3 ஆண்டுகள் இருந்தன. கசப்பான பேரம்தான். ஆனால் எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்த பேரம். பீட்டர்ஸுக்கு அந்தத் தெரிதலே மறுக்கப்பட்டது. இரண்டுமே மலிவுப் படங்கள், இரண்டிலும் உடைகள் குறைவு. ஆனாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் ஊர்களில் ஒரு தலைமுறை ஆண்களுக்குக் காலை 11 மணிக் காட்சி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. போஸ்டரில் மலையாளப் பெயர், உள்ளே பாதி பேர் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு. அந்தக் கவர்ச்சிப் படங்களில் பெரும் அலை 2000-ல் 'கின்னாரத்தும்பிகள்' வந்த பிறகு எழுந்தது. சுமார் 12 லட்ச ரூபாயில் எடுத்து கோடிகளில் வசூல் பார்த்த படம் என்று அதைச் சொல்வார்கள். அதில் நடித்த ஷகீலா சென்னைக்காரர், கோடம்பாக்கத்தில் வளர்ந்தவர். 1995-ல் சில்க் ஸ்மிதா நடித்த ஒரு படத்தில் அவருக்குத் தங்கையாக வந்துதான் சினிமாவுக்குள் நுழைந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் சில்க் ஸ்மிதா இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 35. சில ஆண்டுகளில் ஷகீலாவின் படம் வெளியாகும் வாரத்தில் பெரிய நட்சத்திரங்களின் படத்தையே தள்ளிவைக்கிறார்கள் என்ற பேச்சு கேரளத்தில் பரவியது.

இந்தப் படங்களின் வியாபாரம் 'பிட்டு' என்ற, தணிக்கைக்குக் காட்டாமல் பிறகு ஒட்டும் துண்டுக் காட்சியில்தான் இருந்தது. அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தணிக்கைக் குழுவுக்குப் போகும் பிரதி வேறு, தியேட்டரில் ஓடுவது வேறு. தணிக்கைக்குப் போன பிரதியில் கதவு சாத்தப்படும், விளக்கு அணையும், அடுத்த காட்சி வந்துவிடும். அதற்கு 'ஏ' சான்றிதழ் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் பிட்டுச் சுருள் ஒரு சின்ன டப்பாவில் தனியாகத் தியேட்டருக்கு வந்து சேரும். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிடப் பிட்டு என்றால் 270 அடி, கையில் அடங்கிவிடும். விளக்கு அணையும் இடத்தில் ஆபரேட்டர் ரீலை வெட்டி, பிட்டை வைத்து ஒட்டுவார். சோதனைக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தால், பிரித்துவிட்டுப் பழையபடி ஒட்டிவிடுவார். ஃபிலிமில் ஒலி, தன் படத்துக்கு இருபது ஃப்ரேம் முன்னால் பதிந்திருக்கும். அதனால் ஒட்டு வரும் இடத்தில் முதலில் படம் மாறும், முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேலே கழித்துத்தான் ஒலி வெட்டுப்படும். பழைய காட்சியின் வயலின் இழை புதிய உடலின் மேல் ஒரு கணம் ஓடிவிட்டு அறுந்துபோகும். எடிட்டிங் தெரியாதவருக்கும் அந்த இடறல் காதில் படும்.

அப்படி ஒட்டிய ஒரு பிரதி எங்கள் மேசைக்கு வந்திருந்தது. ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டும் மூவியோலா இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். நாயகி நீல விளக்கு வெளிச்சத்தில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், இரு கையிலும் கண்ணாடி வளையல். வெட்டு. அடுத்த ஷாட்டில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு உடல். மஞ்சள் வெளிச்சம், வளையல் இல்லை. இடது மேற்கையில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தடுப்பூசித் தழும்பு. முந்தைய ஷாட்டில் கையில்லாத ரவிக்கை போட்டிருந்த நாயகியின் கையில் அந்தத் தழும்பு கிடையாது. மறுபடியும் வெட்டு, நீல வெளிச்சம், நாயகியின் முகம். பார்க்கிறவன் மனதில் முகமும் உடலும் ஒன்றாகிவிடும். அப்படி ஆக வேண்டும் என்றுதான் இதைச் செய்கிறார்கள்.

இங்கே ஏமாற்றப்பட்டது இரண்டு பெண்கள். முகத்துக்குரியவர் அந்தக் காட்சியில் நடிக்கவே இல்லை. ஆனால் ஊர் பேசியது, பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனது, வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனது எல்லாம் அவருக்குத்தான். தனக்குத் தெரியாமலே டூப் போட்டுப் படங்களில் சேர்த்தார்கள் என்று ஷகீலா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். யார் காதில் வாங்கிக்கொண்டார்கள்? இன்னொரு பெண், அந்தத் தழும்புக்காரர், துணை நடிகைகளை அனுப்பும் ஏஜெண்ட் மூலம் வந்திருப்பார். வந்தவருக்கு என்ன சொல்லி அழைத்து வந்தார்கள்? எந்தப் படத்துக்கு, யார் முகத்தோடு ஒட்டப்போகிறார்கள் என்று சொன்னார்களா? காகிதம் எதுவும் இருந்திருக்காது. டைட்டிலில் பெயர் இருக்காது. ஒரு நாள் கூலி, பேட்டா, சாப்பாடு. அந்தச் சுருளை எத்தனை படங்களில் ஒட்டினாலும் அவருக்கு வேறு பைசா வந்திருக்கப் போவதில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1952-ன் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற படத்தில் எதையாவது சேர்த்தோ மாற்றியோ திரையிட்டால் 3 ஆண்டுவரை சிறை. இந்தச் சட்டத்தில் பிடிபட்ட தியேட்டர்கள் உண்டு. ஆனால் சட்டத்தின் கண்ணில் யாருக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்று பாருங்கள். சான்றிதழை மீறினார்கள், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் முகத்துக்குக் கீழே அவர் அறியாமல் இன்னொரு உடலை ஒட்டினார்கள் என்பது அந்தப் புகாரில் எங்கேயும் வராது. சுருளைப் பறிமுதல் செய்வார்கள். சுருளில் இருப்பவர் யார் என்று யாரும் தேடமாட்டார்கள்.

'காசு வாங்கிக்கொண்டுதானே நடித்தார்கள்' என்ற பதில் எனக்கு மனப்பாடம். இதைச் சொல்கிறவர்களிடம் எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. தயாரித்தவர் காசு வாங்கினார், விநியோகித்தவர் வாங்கினார், தியேட்டர்காரர் வாங்கினார், பார்த்தவர் டிக்கெட் எடுத்தார். இதில் வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது ஒருவர் மட்டும்தான். 2022 நவம்பரில் கோழிக்கோட்டில் ஒரு வணிக வளாகத்தில் நடக்க இருந்த ஒரு படத்தின் முன்னோட்ட வெளியீட்டு விழா கடைசி நேரத்தில் ரத்தானது. ஷகீலா விருந்தினராக வருவதுதான் சிக்கல் என்றார் படத்தின் இயக்குநர். தனக்கு இது புதிதில்லை என்றார் ஷகீலா. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு சமையல் போட்டியில் இறுதிச்சுற்றுவரை வந்து, வீட்டுக்கு வீடு அவரை 'அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அந்தக் கதவு திறக்கவில்லை.

இதெல்லாம் மலிவுப் படங்களோடு போயிற்று என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பிறகு, மலையாளச் சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய கேரள அரசு நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைத்தது. நம் பழைய நடிகை சாரதாவும் அதில் ஓர் உறுப்பினர். 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று அது பட்டியல் போடுகிறது. அதில் ஒரு நடிகையின் சாட்சியம் என்னை விட்டு அகலவில்லை. நெருக்கமான காட்சி ஒன்று இருக்கும் என்று முதலில் கொஞ்சமாகச் சொன்னார்கள், படப்பிடிப்பில் அது வளர்ந்துகொண்டே போனது. அவர் பாதியில் விலகினார். எடுத்தவரை அழித்துவிடுங்கள் என்று கேட்டார். நேரில் கொச்சிக்கு வந்தால்தான் அழிப்பேன் என்று பதில் வந்ததாம். அவர் விலகிவிட்டார், அவருடைய உடல் இன்னும் இயக்குநரின் பெட்டியில்.

டிஜிட்டல் புரொஜெக்டர் வந்ததும் ஆபரேட்டரின் பிட்டு ஒழிந்தது. வேலை ஒழியவில்லை. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் பொருத்திப் பரப்பினார்கள், நினைவிருக்கும். நாடு முழுக்க ராஷ்மிகாவுக்காகப் பேசியது, பேச வேண்டியதுதான். அந்த வீடியோவில் உண்மையில் இருந்த பெண்ணும் தன் வேதனையைச் சொன்னார். அது பாதிப் பேர் காதுக்குக்கூட எட்டவில்லை. அன்றைக்குப் போலவே முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது, கத்தரி மூன்றாமவர் கையில்.

அமெரிக்க நடிகர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இப்போது தெளிவான விதி இருக்கிறது. உடல் தெரியும் காட்சி என்றால் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அவருக்குப் பதிலாக டூப்பை வைத்து எடுப்பதற்கும் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இங்கும் அதைக் கேட்க வேண்டும். டூப்பாக வருகிறவருக்கும் தனி ஒப்பந்தம் வேண்டும், அதன் நகல் ஏஜெண்டிடம் தங்காமல் அவர் கையில் இருக்க வேண்டும். எந்தப் படம், எந்தக் காட்சி, வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. துணை நடிகைகள் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 38பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நடித்தவருக்கு அது இரண்டு உரிமை தருகிறது. ஒன்று, நடித்தது நான் என்று சொல்லிக்கொள்வது. இரண்டாவது, தன் நற்பெயர் கெடும்படி நடிப்பைத் திரித்தால் தடுப்பது, நஷ்டஈடு கேட்பது. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பிறகும் இந்த இரண்டும் உங்களிடமே இருக்கும். எடிட்டிங்கில் காட்சியை வெறுமனே நீக்குவதையும், தொழில்நுட்பக் காரணத்துக்காக மட்டும் செய்யும் மாற்றத்தையும் நற்பெயரைக் கெடுக்கும் திரிப்பாகக் கருத முடியாது என்கிறது சட்டம். இன்னொரு உடலைச் சேர்ப்பதற்கு அப்படி விலக்கு ஏதும் சொல்லவில்லை. டைட்டிலில் பெயர் போடும் வழக்கமில்லாத சிறு நடிகர்களுக்குப் பெயர் கேட்கும் உரிமையை அதே சட்டம் மறுத்துவிடுகிறது. அதை மாற்ற வேண்டும். ஆனால் திரிப்பதைத் தடுக்கும் உரிமையை அவர்களிடமிருந்தும் அது பிடுங்கவில்லை. பெயர் வராத டூப்பாக இருந்தாலும் அந்த இரண்டாவது உரிமை உங்களுக்கு உண்டு. வக்கீலைப் பார்க்கப் போனால் பிரிவின் எண்ணைச் சொல்லியே கேளுங்கள்: 38பி.

நன்றி, வணக்கம்.