உயில் இல்லாத வீடும் பாட்டியின் பங்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பா பெயரில் ஒரு வீடு. அவர் காலமாகிவிட்டார். உயில் எழுதவில்லை. அல்லது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், ஆனால் சாட்சி ஒருவர்தான். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனால் சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும். ஒரே சாட்சி என்றால் அது செல்லாது, உயில் இல்லாத வீடு என்றே கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். விற்றுவிடலாம் என்று முடிவாகிறது, தரகர் வருகிறார், அட்வான்ஸ் வாங்குகிறார்கள். அட்வான்ஸில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். கிரையப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

நான் சொல்லப்போகும் கணக்கு, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களுக்கானது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியக் குடும்பத்தில், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மகளுக்கு மகன் பங்கில் பாதி. கணக்குதான் மாறும். பங்குள்ள ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒன்றே.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. 1998இல் இறக்கிறார். அம்மா இருக்கிறார், இரண்டு மகன்கள், ஒரு மகள். எத்தனை பங்கு? நான்கு என்பீர்கள். அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, அன்றைக்கு உயிரோடு இருந்தாரா? இருந்தார் என்றால் ஐந்து பங்கு. இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பங்கோ அதே பங்கு தாய்க்கும் உண்டு.

சரி, பாட்டி 2003இல் போய்விட்டார், தாத்தா அதற்கும் முன்னமே இல்லை. இனி என்ன என்று கேட்கலாம். பாட்டி போனாலும் பாட்டியின் பங்கு போகவில்லை. அது பாட்டியின் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. பாட்டிக்கு உங்கள் அப்பா மட்டுமா பிள்ளை? சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார்.

மெதுவாகச் சொல்கிறேன். வீட்டை 45 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஐந்து பேருக்கும் ஆளுக்கு 9. பாட்டியின் 9, மூன்று கிளையாகப் பிரிகிறது. சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3, இறந்துபோன உங்கள் அப்பாவின் கிளைக்கு 3. அந்த 3 அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. இதில் அம்மாவுக்கு, அதாவது பாட்டியின் மருமகளுக்கு, எதுவும் வராது. ஆக அம்மாவுக்கு 9, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10, சித்தப்பா 3, அத்தை 3. கூட்டினால் 45. வீடு 45 லட்சத்துக்குப் போனால் சித்தப்பாவுக்கு 3 லட்சம், அத்தைக்கு 3 லட்சம்.

"அப்பா உழைத்து வாங்கிய வீட்டில் சித்தப்பாவுக்கு என்ன?" என்று கோபம் வரும். கோபப்பட்டுப் பயனில்லை. வாங்குபவரின் வழக்கறிஞர் பத்திரத்தைப் புரட்டும்போது முதலில் கேட்பது இதைத்தான்: அப்பா இறந்த தேதி என்ன, பாட்டி இறந்த தேதி என்ன? ஆகவே விலை பேசும் முன் குடும்பத்தில் ஒவ்வொருவரும் இறந்த தேதியை வரிசையாக எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது, தேதி வேண்டும். திருமணமான மகள் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால், அவள் பங்கு அவளுடைய பிள்ளைகளுக்கு மட்டும் போகும். அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால் அந்தப் பிள்ளைகளோடு அவள் கணவரும் சேர்ந்து பங்குதாரர், மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். தேதி முன்பின் ஆனால் பங்குதாரர் பட்டியலே மாறிவிடும்.

மகள் என்றதும் இன்னொன்று. "கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அவளுக்குப் பங்கு கிடையாது" என்பது பல வீடுகளில் நடக்கும் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. நகை நகைதான், பங்கு பங்குதான். அவள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதானாலும் வாய்ச்சொல் போதாது, வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமும் போதாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் என்றால் தமிழ்நாட்டில் அதற்கு உச்சவரம்போடு சலுகைக் கட்டணம் உண்டு. அந்தச் சலுகைக்கான உறவுகளில் சித்தப்பாவும் அத்தையும் வரமாட்டார்கள். அவர்களைக் கிரையப் பத்திரத்திலேயே விற்பவர்களாகச் சேர்த்து, பணத்தை அவரவர் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்வதுதான் நல்லது. பின்னால் வருத்தத்துக்கு இடமிருக்காது.

ஆவணங்களுக்கு வருகிறேன். இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்குத் தனியாக ஒன்று. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ் வேறு. அது வங்கி வைப்பு, பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கானது, வீட்டுக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு நீதிமன்றத்துக்கு அலைந்து மாதக்கணக்கை இழக்க வேண்டாம்.

அதோடு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டுவரி ரசீது. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் இருப்பதால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடாது. மின் இணைப்பும் அப்படித்தான்.

இனி, பங்குதாரர்களில் 18 வயது நிறையாத பிள்ளை இருந்தால். உதாரணத்துக்கு, ஒரு மகன் இறந்து அவருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. தாய் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால், அந்தப் பிள்ளை 18 வயதானபின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டுத் தன் பங்கு விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மைனர் பங்குள்ள வீட்டை அனுமதி ஆணை இல்லாமல் வாங்கமாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு தனக்காகக் கையெழுத்துப் போட இங்குள்ள ஒருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதி அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. ஆகையால் பதிவின்போது அவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

நேரம் முடியப்போகிறது, வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு வாரிசாக வரும்போது வருமான வரி இல்லை, விற்கும்போது வரும் லாபத்துக்குத்தான். அவரவர் பங்குக்கு அவரவர் கணக்கு. லாபக் கணக்கில் அப்பா வாங்கிய விலையே நீங்கள் வாங்கிய விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23க்கு முன் கைக்கு வந்த வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தாமல் லாபத்தில் 12.5 சதவீதம், உயர்த்தி 20 சதவீதம் என இரண்டும் போட்டுப் பார்த்துக் குறைவானதைக் கட்டலாம். லாபத்தில் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கைப் பற்றிப் பேச நேரமில்லை. அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஆடிட்டரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வணக்கம்.