பீட்டர் பறித்த மிளகு எங்கே?

(ஏற்காட்டில் ஆசிரியர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

ஆறாம் வகுப்பில் ஓர் ஆங்கில வரி வாயில் வராததற்காக ஒரு பீரியட் முழுக்க பெஞ்சு மேல் நின்றிருக்கிறேன். "பீட்டர் பைப்பர் பிக்ட் எ பெக் ஆஃப் பிக்கிள்ட் பெப்பர்ஸ்." ஊறுகாய் மிளகில் ஒரு பெக் (நம் படி, மரக்கால் மாதிரி ஆங்கிலேயரின் பழைய முகத்தல் அளவு) பறித்தானாம் பீட்டர். அப்படிப் பறித்திருந்தால் அது எங்கே என்று பாட்டு கேட்டு முடியும். 1813இல் லண்டனில் அச்சான உச்சரிப்புப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. இருநூறு வருஷமாகப் பிள்ளைகளை இந்தக் கேள்வியை வேகமாகக் கேட்க வைக்கிறோம், பதில் சொல்லத்தான் விடுவதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

முதலில் வாயைப் பார்ப்போம். கையில் இருக்கும் அழைப்பிதழை உதட்டுக்கு நேரே பிடியுங்கள். "பறி" என்று சொல்லுங்கள். தாள் அசையாது. ஆங்கிலேயர் சொல்கிற மாதிரி காற்றைத் தள்ளி "பிக்" என்று சொல்லுங்கள், தாள் துள்ளும். அடுத்து, "மரபு", "கோபம்" என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒற்றைப் பகரம் நமக்கு மெலிந்துதான் ஒலிக்கும். பைப்பர் என்ற பெயரில் நம் பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். அது மக்குத்தனம் இல்லை, தாய்மொழி போட்ட பாதை. "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்" என்று நாம் நாக்கு நுனிக்கு வேலை கொடுக்கிறோம். அவர்கள் உதட்டுக்குக் கொடுக்கிறார்கள். உதடு ஒட்டாமலே பாடும் இதழகல் என்ற வகையும் நம்மிடம் உண்டு. பீட்டர் அதற்கு நேர் எதிர்.

சரி, பதிலுக்கு வருகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எந்த மொழியிலும் பதில் சொல்லலாம் என்றேன்.

"ஊறுகாயைக் கொடியில எப்புடி சார் பறிக்கிறது?" என்றான் முதல் பெஞ்சுப் பையன். பறித்த பிறகுதானே ஊறப்போட முடியும்!

இன்னொருத்தி, "மிளகா, மிளகாயா?" என்றாள். நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெப்பர்தான். நம்மிடம் மிளகு முன்பே இருந்தது. அமெரிக்கக் கண்டத்துக் காயைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தபோது, அதுவும் உறைத்ததால் மிளகாய் என்று பெயர் வைத்தோம். ஒரு சொல்லிலிருந்தே இன்னொன்றை உண்டாக்கி இரண்டையும் பிரித்துக் காட்டும் மொழி நம்முடையது.

மிளகு என்றே முடிவானது. உடனே வகுப்பு தோட்டமாகிவிட்டது. சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏறியிருக்கும், மூங்கில் ஏணி சாத்தி ஏறணும், சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் முழுச் சரத்தையும் பறிக்கணும். "அது காயப்போடற மிளகுங்க சார். ஊறுகாய்க்கு உள்ள கொட்டை கெட்டியாகறதுக்கு முன்னாடியே பறிக்கணும். உப்புத்தண்ணியும் எலுமிச்சம்பழமும் ஊத்தி வெச்சா நிக்கும். பீட்டர் சீக்கிரமே வந்திருப்பாருங்க" என்றான் ஒருவன். வெயிலில் காய்ந்தால் பச்சை மிளகின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஊறவைத்ததால் பீட்டருக்கு நஷ்டமில்லை என்று கணக்கும் சொன்னான். ஒரு பெக் ஏறக்குறைய 9 லிட்டர் என்றேன். "அவ்வளவுதானா? எங்கம்மா மத்தியானச் சோத்துக்குள்ள பறிச்சிரும்!"

இப்படிப் பதில் தேடுவது வெளியிலும் உண்டு. உட்சக் என்ற பிராணி எவ்வளவு மரத்தை எறியும் என்று அமெரிக்காவில் ஒரு பாட்டு. அது மரத்தை எறிவதில்லை, வளைதான் தோண்டும். 1988இல் அங்கே ஒரு வனவிலங்கு அலுவலர், அது தோண்டும் மண்ணின் அளவுக்கு மரமாக இருந்தால் சுமார் 700 பவுண்டு தேறும் என்று கணக்குச் சொன்னார்.

கடைசியாக, மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. "பறிச்சது பீட்டர்கிட்ட இருக்காதுங்க சார். சாயங்காலம் எடை போட்டு வாங்கிக்குவாங்க. அவருக்குக் கூலிதான்." அவள் நோட்டைப் பார்த்தேன். ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தாள்: "தி பெப்பர் இஸ் இன் தி எஸ்டேட் கோடவுன். பீட்டர் வென்ட் ஹோம்." ஒரு பிழை இல்லை.

அதற்குமேல் அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை. பீட்டருக்கு எவ்வளவு கூலி வந்திருக்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.