கல்வெட்டில் இடம்பெறாதவை

நேயர்களுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் சந்தி மதில்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படுவதும், முப்பத்தோராம் நாளில் திதி வெண்பாவும் சிவபுராணமும் வம்சாவளியும் அச்சிட்ட 'கல்வெட்டு' என்னும் நினைவு நூல் கைக்கு வந்து சேர்வதும் நெடுங்கால வழக்கம். குடும்பத்தவருக்கு அது நிறைவு தரலாம். ஆனால் ஊருக்குப் பொதுவாக வாழ்ந்த ஒருவர் தம் வேலையை எவ்வாறு செய்தார் என்று அறிய விரும்புபவருக்கு அதில் கிடைப்பது சொற்பம். அடைமொழிகளே அங்கு அதிகம்.

2021 ஜனவரி 28இல் கொழும்பில் காலமான டொமினிக் ஜீவாவை எடுத்துக்கொள்வோம். யாழ் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுத்துக்கு வந்து, சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற சிறுகதையாளராகி, 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய அவர், சாதியின் பெயரால் தமக்கு நேர்ந்த அவமதிப்புகளை ஒளிக்காமல் எழுதியவர். இதழின் பிரதிகளைத் தாமே சுமந்து சென்று விற்றவர். அவருடைய செயல்களுள் இன்றைய பேச்சுக்கு மிகவும் பொருந்துவது, ஈழத்துப் படைப்பாளிகளை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அட்டைப்படமாக இட்டு, உள்ளே அவர்களைப் பற்றி வேறொருவரைக் கொண்டு எழுதுவித்தமை. தம்மைப் பற்றிய கட்டுரையை உரியவரே வாசிக்கலாம், பிழையிருந்தால் மறுக்கலாம். இரங்கலுரைக்கு அந்தச் சோதனை இல்லை. (இருந்திருந்தால் எங்கள் இரங்கற் கூட்டங்கள் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.)

2025 ஜனவரியில் இரண்டு இழப்புகள் அடுத்தடுத்து வந்தன. மாத இறுதியில் மறைந்த மாவை சேனாதிராசாவைப் பற்றி நாளிதழ்கள் நிறையவே எழுதின. அரசியலாளரைப் போற்றவும் ஏசவும் எங்களுக்கு எப்போதும் ஆட்கள் உண்டு. இளமையில் சிறை சென்று, பிற்காலத்தில் தமிழரசுக் கட்சிக்குத் தலைமை தாங்கிய அந்த நீண்ட பயணத்தைச் சார்பின்றி எழுதுவதற்குச் சற்றுக் காலம் செல்லவேண்டும்.

அதே மாதம் 17ஆம் திகதி, 93 வயதில் மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நிலை வேறு. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, பயிற்சி பெற்று மேடையேறும் ஒழுங்கை இங்கு வேரூன்றச் செய்த அவர், சிறுவர்க்கும் பாடசாலைகளுக்குமாக எழுதிய நாடகங்கள் பல. 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடிய 'மண் சுமந்த மேனியர்', போர்ச்சூழலில் மக்கள் பட்ட துயரை அவர்கள் முன்னிலையிலேயே மேடைக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதியோரின் நிலையை 'எந்தையும் தாயும்' பேசியது. இன்றும் இங்கு அத்தகைய வீடில்லாத ஒழுங்கையைக் காண்பது கடினம்.

எழுத்துருக்கள் அச்சில் உள்ளன. ஆனால் நாடகம் எழுத்துருவோடு முடிவதில்லை. எந்த வரியில் பாடல் எழுந்தது, குழுவினர் எப்படி அசைந்தனர், ஒத்திகையில் ஆசிரியர் எந்த வசனத்தை வெட்டச் சொன்னார் என்பவை ஆடியவர்களின் ஞாபகத்திலேயே இருக்கின்றன. அன்று மாணவராக இருந்தவர்களோ இப்போது அறுபதைக் கடந்துவிட்டனர். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பழைய கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் மின்வடிவில் சேமித்து வருகிறது. அன்று ஆடியவர்களைத் தேடிச் சென்று, குரலைப் பதிவுசெய்து அந்தச் சேகரத்தோடு சேர்ப்பதற்கு ஒரு கைத்தொலைபேசியே போதும். நன்றி, வணக்கம்.