டி வாலன் போனேன், ஜன்னல்களை வீடியோ எடுக்கவில்லை

வணக்கம் மக்களே. ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு அங்கே இருக்கிற சிவப்பு விளக்குப் பகுதியான டி வாலனைக் காட்டவில்லையா என்று கமெண்டில் குடைந்தெடுத்துவிட்டீர்கள். போனேன். ஆனால் இந்த வீடியோவில் என் மூஞ்சியும் பின்னால் கால்வாயும்தான் தெரியும், ஏனென்றால் அங்கே பாலியல் தொழிலாளர்கள் நிற்கிற கண்ணாடி ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. எனக்கு முன்னால் போன ஒரு பையன் போனை இடுப்போடு ஒட்டிப் பிடித்துத் திருட்டுத்தனமாக எடுத்தான், உள்ளே இருந்த பெண் கண்ணாடியைப் படபடவென்று தட்டி, கதவைத் திறந்து வெளியே வந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிழித்தார் பாருங்கள், ஆள் எடுத்தான் ஓட்டம். நன்றாக வேண்டும். (அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.)

சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், ஊரிலேயே பழைய பகுதி. நடுவில் 'அவுடெ கெர்க்' என்கிற சர்ச், 1306இல் அர்ப்பணிக்கப்பட்டது, ஓவியர் ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாவின் கல்லறை உள்ளேதான் இருக்கிறது. அதைச் சுற்றியே சிவப்பு விளக்குக் கதவுகள். நீலமோ ஊதாவோ எரிந்தால் உள்ளே இருப்பவர் திருநங்கை. சர்ச்சுக்கு வெளியே பெல்லே என்று ஒரு வெண்கலச் சிலை, 2007இல் வைத்தது, வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கிற பெண், கீழே உலகெங்கும் உள்ள பாலியல் தொழிலாளர்களை மதியுங்கள் என்று எழுதியிருக்கிறது.

பாலியல் தொழில் விடுதி நடத்த நெதர்லாந்தில் இருந்த தடை 2000இல் நீங்கியது. இங்கே தொழில் செய்கிறவர்கள் ஜன்னலை ஷிப்டுக்கு வாடகை கொடுத்து எடுக்கிறார்கள், வரியும் கட்டுகிறார்கள், 21 வயது ஆகியிருக்க வேண்டும், அறைக்குள் ஆபத்துக்கு அழுத்த அலாரம் பட்டன் உண்டு. ஆனால் இதை வைத்து எல்லாரும் விரும்பித்தான் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஆள் கடத்தல் கவலை அங்கேயும் உண்டு.

என் கண்ணுக்குப் பட்ட தொல்லை என்னவோ கண்ணாடிக்கு வெளியேதான். கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு குடித்துக் கூத்தடிக்க வந்த கும்பல், பாட்டு, கூச்சல், சந்து முழுக்க மூத்திர நாற்றம், இதற்கு நடுவே காதருகே வந்து "கொக்கைன்?" என்று முணுமுணுக்கிற ஆட்கள், பக்கத்திலேயே போகாதீர்கள். நகராட்சியும் சும்மா இல்லை. ஜன்னல்களைச் சுற்றிக் காட்டும் கைடு டூருக்கு 2020இல் தடை, தெருவில் கஞ்சா புகைக்க 2023இல் தடை, அதே வருஷம் ஜன்னல்களும் காலை 6 மணிக்குப் பதிலாக 3 மணிக்கே மூட உத்தரவு. மேயர் ஃபெம்கே ஹல்செமா இன்னும் ஒரு படி மேலே போய், ஜன்னல்களில் ஒரு பகுதியை ஊரின் தென்பகுதியில் ஒரே கட்டடத்துக்கு மாற்றலாம் என்றார். ஜன்னல்களில் வேலை செய்கிற பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். குடித்துவிட்டுக் கத்துகிறவன் எவனோ, மூட்டை கட்ட வேண்டியது நாங்களா என்பது அவர்கள் கேள்வி, எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் ஆபத்தென்று கூப்பிட்டால் நாலு பேருக்குக் கேட்குமே.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று. சர்ச் பக்கத்திலேயே இந்தத் தொழிலைப் பற்றித் தகவல் சொல்கிற சின்ன மையம் ஒன்று இருக்கிறது, முன்பு இதே தொழிலில் இருந்த ஒரு பெண் 1994இல் தொடங்கியது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நிற்காமல் அங்கே போய்க் கேளுங்கள், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.