நாலாவது சீர் இல்லாத அடி

அனைவருக்கும் வணக்கம். தந்தையைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு இஸ்திரிப் பெட்டி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா தமிழாசிரியர் இல்லை. கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாரத்துச் சட்டைகளை எல்லாம் அவரே தேய்ப்பார். தேய்க்கும்போது வாய் ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எனக்காகச் சொன்னதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். அடிக்கடி வந்தது பாரி மகளிர் பாட்டு, புறநானூற்றில் 112ஆம் பாட்டு.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

சீருக்கு ஓர் இழுப்பு. ‘அற்றை’ என்றால் பெட்டி முன்னே போகும், ‘திங்கள்’ என்றால் பின்னே வரும். மூன்று அடி இப்படியே போகும். நாலாவது அடியில் ‘வேந்தர்எம்’ என்றதும் பெட்டி துணியை விட்டு மேலே எழும்பும். ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அப்புறம்தான் ‘குன்றும் கொண்டார்’ என்று இறங்கும். துணி கருகிவிடக் கூடாது என்று தூக்குகிறார் போல, என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் யாப்பிலக்கணம் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பாட்டு நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகை. அதில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர். கடைசிக்கு முந்தைய அடிக்கு மூன்றே சீர். எண்ணிப் பாருங்கள். வென்றெறி, முரசின், வேந்தர்எம். நாலாவது சீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அப்பாவின் கை நின்றிருக்கிறது. அடி எந்தச் சொல்லில் முடிகிறது என்பதையும் கவனியுங்கள். ‘எம்’. எங்களுடைய... எது எங்களுடையது? அடுத்த அடிக்குப் போனால்தான் குன்று வருகிறது, வரும்போதே அது பிறர் கைக்குப் போய்விட்டிருக்கிறது. இந்த விதியின் பெயரை அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் அந்த மௌனத்தை அவர்தான் எனக்குக் கொடுத்தார்.

இதைப் பாடிய பெண்களின் தந்தை பாரியை நமக்கெல்லாம் தெரியும். பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் ஏற்கெனவே பெற்றுக்கொண்டார்கள் என்று கபிலர் பாடுகிறார். பாணரும் புலவரும் வந்துபோன வீட்டில் வளர்ந்த பெண்கள். நாடு போய், அப்பாவும் போன பிறகு, அவர்களிடம் சொல் இருந்தது. ஐந்தே அடி. நான் அப்பாவை இழந்தபோது எனக்குக் கைகொடுத்ததும் அதே ஐந்து அடிதான். உண்மையைச் சொன்னால், முதல் ஒரு வருஷம் நாலு அடிதான். ‘எந்தையும் இலமே’ வாயில் வரவில்லை.

அந்தப் பாட்டு அப்பாவின் வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்தால் அங்கேயும் ஒரு தந்தை நிற்கிறார். வேங்கடசுப்பையர், உ.வே.சாமிநாதையரின் தகப்பனார். இசையே அவருக்குத் தொழில். மகனும் இசையில் தேற வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ தமிழ்மேல் பித்து. அந்த மனிதர் என்ன செய்தார்? நல்ல தமிழ் சொல்லிக்கொடுப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடித்தேடிக் குடும்பத்தோடு ஊர் மாறினார். 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய் ஒப்படைத்தார். தனக்குத் தெரிந்ததைக் கொடுப்பது எளிது. பிள்ளை எதை விரும்புகிறதோ, அது தன் கையில் இல்லாவிட்டாலும், அதைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம்! 1894இல் அந்தப் பையன் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். என் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்ன ஐந்து அடியும் அதில் இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதில் நான் தவறினேன். சொல்லத்தான் வேண்டும்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினாள். அவளே எழுதிய கவிதை. எதுகை இல்லை, மோனை இல்லை, மாடிப்படியில் இருட்டைப் பார்த்துப் பயப்படுவது பற்றி ஏழெட்டு வரி. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இங்கே ஒற்று மிகும், இங்கே மிகாது என்று ஆறு இடத்தில் திருத்தினேன். அக்கறையோடுதான் செய்தேன். அவள் தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். எட்டு மாதம் ஒரு வரிகூட என்னிடம் காட்டவில்லை.

அந்த நாட்களில்தான் புறநானூற்றின் 92ஆம் பாட்டை, ஔவையார் பாடியதை, மறுபடி படித்தேன். அதியமானைப் பார்த்துச் சொல்கிறார்: ‘யாழொடும் கொள்ளா, பொழுதொடும் புணரா, பொருளறி வாரா, ஆயினும் தந்தையர்க்கு அருள்வந் தனவால் புதல்வர்தம் மழலை.’ குழந்தையின் மழலை யாழிசை போல இனிமையாக இருக்காது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு அது அருளைச் சுரக்கவைக்கும். இதைச் சொல்லிவிட்டு, என் சொல்லும் அப்படித்தான் என்கிறார். எவ்வளவு பெரிய கவி! தன் பாட்டை, ஒரு தந்தை மழலையைக் கேட்பதுபோல் கேள் என்கிறார். என் வீட்டில் ஒரு தாள் அப்படித்தான் என்னிடம் நீட்டப்பட்டது. நான் பேனாவை எடுத்தேன்.

மேடைகளில் தந்தை என்றாலே ‘தந்தை மகற்காற்றும் நன்றி’ என்ற 67ஆம் குறளுக்குப் போய்விடுகிறோம். பிள்ளையை அவையில் முந்தி இருக்கச் செய்வது தந்தையின் கடமை, சரி. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு குறள்களை வள்ளுவர் வைத்திருக்கிறார். ‘சொற்கேட்டல் இன்பம் செவிக்கு’ என்பது 65. குழலும் யாழும் இனிது என்பவர்கள் மழலையைக் கேளாதவர்கள் என்பது 66. முதலில் காது, அப்புறம்தான் கடமை. இந்த வரிசை எனக்கு இத்தனை வயதில்தான் கண்ணில் பட்டது.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் பாட்டுக்கு ஞாயிறு இரவுகளில் அவளுடைய பள்ளிச் சீருடையைத் தேய்த்துக்கொண்டு, அப்பா சொன்ன பாட்டுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்ததா என்று கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் பதினாறு. போனில்தான் எழுதுகிறாள். போன மாதம் ஒரு நாள் தானாகவே வந்து, “அப்பா, படிக்கட்டுமா?” என்றாள். அதன் பாதி எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டாம் முறையும் ஒரு வரியின் பாதியில் நிறுத்தினாள், பிறகு தொடர்ந்தாள். வாக்கியம் அங்கே முடியவில்லை.

“ஏம்மா அங்கே நிறுத்தினாய்?”

“அங்கே ஒரு வார்த்தை இருந்தது, அப்பா. எடுத்துவிட்டேன்.”

நன்றி, வணக்கம்.