போட்டோவே எடுக்காத ராட்சத கேமரா!

ஒரு கட்டடம் அளவுக்கு கேமரா. ஃபிலிம் இல்லை, மெமரி கார்டு இல்லை, இதுவரை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. ஆனாலும் ஆட்கள் காசு கொடுத்து அதற்குள் போய் நிற்கிறார்கள். ஏன் என்று பார்த்துவிடலாம், ஸ்கிப் பண்ணாதீர்கள்.

இடம் சான் பிரான்சிஸ்கோ. பசிபிக் கடலோரம், கிளிஃப் ஹவுஸ் என்ற பழைய உணவகக் கட்டடத்தின் பக்கத்தில். பெயர் கேமரா அப்ஸ்கியூரா. இருட்டறைக்குள் சின்னத் துளை வழியாக வெளிச்சம் நுழைந்தால், எதிர்ச்சுவரில் வெளிக்காட்சி தலைகீழாக விழும். இதை இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார். சரி, வகுப்பு முடிந்தது.

1946-இல் ஃபிளாய்ட் ஜென்னிங்ஸ் என்பவர் இதைக் கட்டினார். அருகிலேயே பிளேலேண்ட் பொழுதுபோக்குப் பூங்கா, கூட்டத்துக்குப் பஞ்சமில்லை.

இப்போது உள்ளே வாருங்கள், விஷயமே இங்கேதான். கூரை உச்சியில் ஒரு சுழலும் கூண்டு. அதில் சாய்த்து வைத்த கண்ணாடி கடலைப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கீழே இறக்குகிறது. இருட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளை மேசை, தாம்பாளம் போல லேசாகக் குழிந்தது. தட்டையாக இருந்தால் படம் நடுவில் தெளிந்து ஓரத்தில் கலங்கும். குழித்ததால் ஓரம்வரை பளிச்.

அந்த மேசைமேல் அலை எழும்புகிறது, பாறையில் மோதி நுரைக்கிறது, பறவை குறுக்கே பறக்கிறது. எல்லாம் சத்தமே இல்லாமல்! கண்ணாடி ஒரு முழுச் சுற்று வர சுமார் 6 நிமிடம். அது திரும்பத் திரும்பப் படமும் திரும்பும். ஒரு கட்டத்தில் கடற்கரையில் நடப்பவர் உங்களுக்குத் தலைகீழாக நடப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் நிமிர்ந்துவிடுவார். 1946-இல் பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் டிவியே கிடையாது; இருந்ததும் கறுப்பு வெள்ளை. இங்கேயோ கலரில் நேரலை, விளம்பர இடைவேளையும் இல்லை. (நம் சேனலில் உண்டு, பொறுத்தருள்க.)

1957-இல் கட்டடத்தையே மல்லாந்து கிடக்கும் கேமரா வடிவத்துக்கு மாற்றினார்கள். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிளேலேண்ட் 1972-இல் மூடப்பட்டது. 1979-இல் அமெரிக்க அரசின் தேசியப் பூங்கா சேவை இதையும் இடிக்கப் பார்த்தது, மக்கள் விடவில்லை. 2001-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலேயே ஏறிவிட்டது.

போகிறவர்களுக்கு ஒன்று: சான் பிரான்சிஸ்கோவில் கோடையில்தான் மூடுபனி அதிகம். மூடுபனி நாளில் மேசையில் வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். வானத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் இருந்தால், அன்று மேசையில் என்ன ஓடியது என்று கமெண்டில் போடுங்கள்!