சீ.வி.யில் எதை எங்கே போடுவது

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, முல்லைத்தீவுப் பக்கப் பிள்ளைகள் வேலைக்கு அனுப்புகிற சீ.வி.களைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பவன் நான். அதில் திரும்பத் திரும்ப ஒன்றைக் காண்கிறேன், காணும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. மதம், பால், திருமண நிலை, ஓ.எல். பெறுபேறு ஒன்பது பாடத்துக்கும் பெரிய அட்டவணை, இவையெல்லாம் முதல் பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. செய்த வேலை கடைசியில் கிடக்கிறது.

வர்த்தமானி விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துப் பழகியதால் வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன். அரச வேலைக்கு அந்தப் படிவம் கேட்கிற ஒழுங்கிலேயே நிரப்புங்கள், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் கம்பனிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அனுப்பும்போது ஒழுங்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. அங்கே ஒருவர் கட்டுக்கட்டாக வாசித்துக்கொண்டிருப்பார், தனக்கு வேண்டியது முதல் பக்கத்தின் மேல் பாதியில் தெரியாவிட்டால் அடுத்ததைக் கையில் எடுத்துவிடுவார்.

புதுக்குடியிருப்புத் தங்கைச்சி ஒருத்தி கள உத்தியோகத்தர் வேலைக்கு எழுதிய சீ.வி.யைச் சொல்கிறேன். இரண்டாம் பக்கத்தின் அடியில், ‘ஏனையவை’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘கண்ணிவெடி அகற்றும் பணி’ என்று மூன்றே சொல். விசாரித்தால், அவள் அங்கே அணித்தலைவியாக இருந்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும் துப்புரவாக்கிய நிலத்தைச் சதுர மீற்றரில் அளந்து, வரைபடத்தில் குறித்து, அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள், முதலுதவிப் பயிற்சியும் எடுத்திருக்கிறாள். விளம்பரத்தில் கேட்டதே ஆட்களை நடத்தத் தெரிந்த, அறிக்கை எழுதத் தெரிந்த ஒருவரைத்தான்! அதைத் தூக்கி மேலே வைத்து நாலு வரியாக விரித்து எழுதினோம், ஓ.எல். அட்டவணை ஒரு வரியாகச் சுருங்கியது. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருந்தும் அவள் எழுதவில்லை. துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கக் கிராமங்களில் பஸ்ஸை நம்பிக் கள வேலை செய்ய ஏலாது என்பது வேலை கொடுப்பவருக்கும் தெரியும், ஆகவே அது தொலைபேசி இலக்கத்துக்கு அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும்.

தொழில் படித்த தம்பிமாருக்கும் இதுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற்தகைமை, நான்காம் மட்டம்) முடித்த ஒருவர் மெக்கானிக் வேலைக்குப் போகும்போது, அந்தத் தகைமைதான் முதலில் வரவேண்டும், அதோடு எந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். ஏ.எல். சரிவராவிட்டால் அது கீழே ஒரு வரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், இடைவெளி. போர் முடிந்த 2009 இல் பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த பலருக்குப் படிப்பில் ஒன்றிரண்டு வருடம் காணாமல் இருக்கும். சிலர் அதை மறைக்க ஆண்டுகளையே எழுதாமல் விடுகிறார்கள், அது வாசிப்பவருக்கு வீண் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். கல்விப் பகுதியில் ‘2008–2010 இடம்பெயர்வினால் கல்வி தடைப்பட்டது’ என்று ஒரு வரி, உங்கள் ஆண்டுகளைப் போட்டு எழுதுங்கள், போதும். முகாமில் பட்டதையெல்லாம் அங்கே விவரிக்க வேண்டியதில்லை, அதே நேரம் அதில் ஒளிக்க வேண்டிய எதுவும் இல்லை. அந்த நாட்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால், அதை அனுபவம் என்ற பகுதியில் தாராளமாகப் போடலாம்.

அடையாள அட்டை இலக்கம், அப்பாவின் தொழில் எல்லாம் கேட்டால் மட்டும் கொடுங்கள். சிபாரிசு சொல்லும் இருவரும் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். பெயரைப் போட முதல் அவர்களுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள், நம்பர் மாறியிருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.